வரிசைப்படி போன ராக்கெட்

எதையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவனிடம் ஒரு நோயாளியை ஒப்படைக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் நான். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். (நாளிதழின் முதல் பக்கத்தை முடிக்காமல் விளையாட்டுப் பக்கத்துக்குப் போனதற்காக மகளை அதட்டியிருக்கிறேன்.)

என் கூட்டாளி மணியம், ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் இருந்த லாரி ஓட்டுநர். இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பள்ளி நாளில் ஈப்போவுக்குப் போய் ஒரு கேசட் வாங்கினோம். வெள்ளைக்கார ராக் இசைக்குழு. பாட்டு முழுக்க விண்வெளி, ராக்கெட், நட்சத்திரம். (தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் அதைப் போட்டதும், பாட்டுப்பெட்டி கெட்டுவிட்டது என்று மணியத்தின் அப்பா அதன் தலையில் தட்டினார்.) கடைசிப் பாட்டின் நடுவில் டேப் அறுந்தது. அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று தெரியாமலே எங்களுக்கு வயதாகிவிட்டது.

மணியத்தின் சிறுநீரகம் பழுதானபோது, டயாலிசிஸுக்கு நானும் துணைக்குப் போனேன். என் கைப்பேசியில் அந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களையும் மகள் எடுத்துக் கொடுத்திருந்தாள். குழு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. காதொலிப்பானில் ஆளுக்கு ஒரு காது.

“மச்சான், நம்ம கேசட்டப் போடுலா. அந்தக் கடைசிப் பாட்டு.”

“பொறு. மொத ஆல்பத்துல இருந்து வருவோம். அப்பதான் அதோட அருமை தெரியும்.”

“எனக்கு அருமை வேணாம்லா. முடிவுதான் வேணும்.”

“அப்ப நீயே வீட்டுல கேளு.”

“ஒங்கூட இருந்தப்பதான அறுந்துச்சு. ஒங்கூடத்தான் கேக்கணும்.”

அப்படிச் சொன்னவனிடமும் நான் இரங்கவில்லை. மேடைக் கச்சேரிப் பதிவுகளையும் விடவில்லை.

“இது போன வாரம் கேட்டதுதான மச்சான்?”

“அது ஸ்டுடியோவுல பாடினது. இது மேடையில.”

“ரெண்டுலயும் அதே ராக்கெட்தான் போவுது.” இந்த வரிசைக் கதையை வீட்டிலும் சொல்லிச் சிரிப்பான்.

எங்கள் கேசட்டுக்கு முன்னால் ஒரே ஒரு மேடைப் பதிவு மிச்சமிருந்தபோது அவன் மறுபடியும் கேட்டான். அன்று குரல் மிகவும் சோர்ந்திருந்தது. “அடுத்த தடவ கச்சேரி. அதுக்கடுத்து நம்மது” என்றேன்.

“சரிங்க வாத்தியாரே” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த தடவைக்கு அவன் இல்லை.

சவப்பெட்டியை எடுப்பதற்குள் அந்தப் பாட்டை அவன் காதில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. பந்தலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை அவன் மகனிடம் கேட்டு, என் கைப்பேசியோடு இணைத்தேன். அவசரத்தில் எதைத் தொட்டேனோ, நான் கட்டிவைத்த வரிசைப்படி அடுத்தது ஓடத் தொடங்கியது: மேடைக் கச்சேரி.

அது ஆம்புலன்ஸ் சங்கொலியோடு ஆரம்பித்தது. தெருவில் இருந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். “இப்ப யாருக்கு என்னாச்சு?” என்று ஒருவர் ஓடி வந்தார். நிறுத்தப் போய் ஒலியைக் கூட்டிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரர் பத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். பெட்டியருகே நின்ற இளைஞர்களுக்கு அது உத்தரவாகப் பட்டதோ என்னவோ, பூஜ்ஜியம் வந்ததும் தூக்கிவிட்டார்கள். பின்னால் ராக்கெட் இரைந்தது.

நான் கைப்பேசியை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு அழுதேன். அழுதழுது குரல் போயிருந்த மணியத்தின் மனைவி லெட்சுமி என் தோளைத் தொட்டு, “விடுங்கண்ணே. வரிசைப்படியே போவட்டும்” என்றார்.

அந்தக் கடைசிப் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. இன்னொரு காதுக்கு ஆள் இல்லை.

ஆண்டுதோறும் மணியத்தின் திதிக்குப் போகிறேன். இலை போட்டதும் அவன் மகன் வாளியோடு வந்து நிற்பான்.

“மாமா, வரிசைப்படியா, புடிச்சதுல இருந்தா?”

பந்தியே சிரிக்கும். நான் முதலில் பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.