நான் சாகாத அன்று புதன் சூரியனைக் கடந்தது

சேசு மரி சூசை துணை
12-5-1970

அன்புள்ள மருமகன் ஸ்தனிஸ்லாசுக்கு மாமன் கஸ்பார் எழுதுவது. நானும் உன் அத்தையும் கறவை எருமையும் சுகம். நான் செத்துவிட்டதாகச் சேலத்தில் யாராவது சொன்னால் நம்பாதே. நீ அனுப்பிய மாணவர்கள் செய்த வேலை அது.

புதன் சூரியனைக் கடக்கும் நேரத்தை இங்கே அவர்களும், வடக்கே வெகுதூரத்தில் கூட்டாளிகளும் குறித்து ஒப்பிட்டால் சூரியனின் தூரம் தெரியுமாம். நல்ல காரியம்தான். கோயில் மாடியில் டெலஸ்கோப்பை வைத்தார்கள். நேரம் பார்க்க என் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கேட்டார்கள். தினமும் ரேடியோ வைத்துத் திருத்துகிற கடிகாரம். ஆணியைவிட்டு இறங்காது என்றேன். கடைசியில், புள்ளி சூரியனைத் தொட்டதும் கோயில் மணியை ஒரு தட்டு, முழுதாக உள்ளே வந்ததும் இன்னொரு தட்டு, நடுவே நான் வீட்டில் கடிகாரத்தடியில் படுத்துக் கண்மூடி ஊசல் சத்தத்தை எண்ணுவது என்று முடிவாயிற்று.

நம் ஊரில் ஒற்றை மணி சாவுக்குத்தான் என்பது பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. போன வாரம் காய்ச்சலில் கிடந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே ஊரே என் வீட்டுக்கு ஓடிவந்தது. கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத உன் சின்ன மாமன் மதலைமுத்து மாலையோடு வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, தண்ணி பூரா நீயே எடுத்துக்க. எந்திரிச்சு என்னைய ஒரு வார்த்த வையி" என்று அழுதான். நான் நூற்றுப் பன்னிரண்டில் இருந்தேன். வாயைத் திறந்தால் சூரியன் வேறெங்கோ போய்விடும். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் ஒப்பாரியே தொடங்கிவிட்டாள், அதிலும் என்னைவிட எருமையைப் பற்றித்தான் அதிகம். உன் அத்தைதான் அடுப்படியிலிருந்து, "செத்தவரு வெரல மடக்குவாருங்களா?" என்றாள்.

இரண்டாம் மணி விழுந்தது. கண்ணைத் திறந்து எண்ணைச் சொன்னேன். எண்ணைக் குறிக்க என் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த மாணவனிடம், "தண்ணியப் பத்தி இவன் சொன்னதையும் கீழ எழுதிக்கப்பா" என்றேன். மதலைமுத்து மாலையை என்மேல் வீசிவிட்டுப் போனான். வந்தவர்கள் எல்லாம், வந்தது வந்தோம் என்று கோயில் மாடியேறி, கடுகளவு புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தாளை உடனே எனக்கு அனுப்பு. பஞ்சாயத்தில் காட்ட வேண்டும். உன் மாணவர்கள் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது. தேவமாதா உன் வீட்டாரைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் மாமன்,
கஸ்பார்

பி.கு.: தாளை அனுப்ப வேண்டாம். நேற்று நானே தண்ணீரை மதலைமுத்துவின் வயலுக்குத் திருப்பிவிட்டேன். தண்ணீர் பூரா எனக்கே என்று சொன்னபடி அவன் தன் வாய்க்காலை மண்போட்டுத் தூர்த்து வைத்திருந்தான். அவன் கேட்ட வசவை அங்கேயே கொடுத்தேன். இப்போது இங்கேதான் களி தின்கிறான், இதைக் கடத்தூர்த் தபாலில் சேர்ப்பதும் அவன்தான். 1973-இல் புதன் மறுபடி வருமாமே, பிள்ளைகளை அனுப்பு. மணியை மதலைமுத்தே அடிப்பானாம்.