நல அதிகாரியின் அரும்பணி

மனித மனத்தின் துயரத்தைத் துடைக்க எத்தனையோ மகான்கள் அவதரித்தார்கள். ஆனால் அலுவலக நேரத்தில், மின்விசிறிக்கு அடியில், அரைநாள் பயிற்சியோடு அவதரித்தவர் நமது பணியாளர் நல அதிகாரி ஒருவர்தான்.

பழைய காகிதக் கட்டுகள் கிடந்த அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி, கண் துடைக்க ஒரு பெட்டி காகிதம் வைத்து, வாசலில் 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே போய் வந்தவர்கள், அறை கன்னத்தில் விழுந்ததுபோல் வெளியே வந்தார்கள். ஆழ்ந்த மாற்றத்தின் அறிகுறி அது என்று அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்.

முதலில் வந்தவள் தட்டச்சுப் பெண்.

"சார், ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது..."

"தூக்கமா? நான் உன் வயசுல எப்படித் தூங்குவேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தவர், தன் வாலிபம், பதவி உயர்வு, மூலநோய் வரை வந்து நிமிர்ந்தபோது, அவள் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். 'உடனடி நிவாரணம்' என்று குறித்துக்கொண்டார்.

இப்படிப் புகழ் பரவிய நேரத்தில், மனைவி ஒரு நாள் காலைக் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெளியில ஒரு ஆலோசகர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீங்க, நான், நம்ம பொண்ணு, மூணு பேரும் போறோம்."

"பேஷா போகலாம்! பாவம், அவங்களுக்கும் நாலு நுணுக்கம் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும்."

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகாரி கால்மேல் கால் போட்டு, செவிமடுத்தலின் மகத்துவம் பற்றித் தங்குதடையின்றிப் பொழிந்தார். அந்த அம்மாள் அமைதியாகக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் மகளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா."

மகள் தரையைப் பார்த்தபடி, "வேலைய விட்டுட்டேன்," என்றாள். "அங்க இருக்க முடியல. தினம் காலைல கிளம்பிப் போயி பூங்காவுல உட்கார்ந்துட்டு வர்றேன். அம்மாவுக்குத் தெரியும்."

அதிகாரிக்குப் பயிற்சியில் கற்ற தலையாட்டல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்ல வந்தேன்ப்பா. ரெண்டு தடவ. அப்புறம் உங்ககிட்ட பேசறதையே விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?" அதிகாரி உண்மையிலேயே திகைத்தார். "இப்பதான் நாம ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசிக்கிறோம்னு ஆபீஸ் முழுக்கப் பெருமையடிச்சுட்டு இருக்கேனே!"

மகள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேச்சு நல்லாத்தான் போச்சுப்பா. அதுல நான்தான் இல்ல."