"போயிட்டு வரேன்" என்றதற்கு இரண்டு போலீஸ்காரர்கள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கே தாங்களும் வீட்டாரும் நிஜமாகவே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "அந்த ஊர் பாதுகாப்பானதுதானா? பொம்பளைப் பிள்ளை தனியா நடமாட முடியுமா? கழுத்துல போட்டது கழுத்துலயே இருக்குமா? ஒளிக்காம எழுதுங்க மாப்பிள்ளை, அதைப் பாத்துதான் தங்கச்சியை அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுத்தில்தான் வேண்டும் என்றும் போட்டிருந்தீர்கள். இரண்டு வருஷமாக "அவளை அனுப்பி வைங்க" என்று தங்களை நச்சரித்தவன் நான்தான். இப்போது நானே கைப்பட எழுதுகிறேன்: வேண்டாம்.

கழுத்துச் சங்கிலிக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அறுக்க வேண்டுமானால் ஒருத்தன் பக்கத்தில் வர வேண்டுமே, இங்கே யாரும் யார் பக்கத்திலும் வருவதில்லை. நான் இருப்பது இருபது மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை. கதவுக்கு மூன்று பூட்டு, எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. உள்ளே இருப்பது ஒரு கட்டில், ஒரு மேஜை, நான். லிஃப்டில் கேமரா, மாடிப்படியில் கேமரா, குப்பைத்தொட்டிக்கு எதிரே கேமரா. இத்தனையையும் பதினாறு திரைகளில் பார்ப்பவர் கீழே இருக்கும் காவலாளி. நான் அவருக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவர் தூங்குவதும் ஒரு திரையில் தெரிகிறது, அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

என் வேலை தங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய், மேலே மாட்டியிருக்கிற புகை அலாரத்தை ஒரு கம்பால் அழுத்திப் பார்ப்பது. கீச்சென்று கத்தினால் சரி, கத்தாவிட்டால் பேட்டரி மாற்ற வேண்டும். போன வாரம் நம்ம கட்டடத்திலேயே பதினாலாம் மாடி. ஒண்டிக்கட்டை மனுஷன் ஒருத்தர், கதவைத் திறக்கவே இல்லை, உள்ளேயிருந்தே "இன்னைக்கு வேண்டாம், போ" என்கிறார். சரி, பெரியவர், எதுக்கு வம்பு என்று நானும் மரியாதையாக இந்த நாட்டுக்காரங்க பாஷையில் "போயிட்டு வரேன்" என்றேன். அதுதான் மச்சான் நான் பண்ணின தப்பு. அவங்க பாஷையில் அதற்கு "இப்போ போறேன், ஆனா திரும்பி வருவேன்" என்று அர்த்தமாம். கையில் ஆறடிக் கம்பு வேறே. நான் லிஃப்டில் கீழே வருவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். "எப்போ திரும்பி வர்றதா இருந்தே?" என்று கேட்டார் மூத்தவர். "வர்றதா இல்லைங்க" என்றேன். "அப்புறம் ஏன் வருவேன்னு சொன்னே?" "வெறுமனே போறேன்னு சொல்லக் கூடாதுங்க. எங்க ஆளுங்கள்ல அது செத்துப் போறவங்க சொல்ற மாதிரி." இளையவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்: சாவைப் பற்றிப் பேசினான். அப்புறம் ஸ்டேஷன், பெஞ்சு, மூன்று மணி நேரம். என் முதலாளி வந்து சொன்ன பிறகு ஒருவழியாக விட்டார்கள். எழுந்து கும்பிட்டேன், வாய் சும்மா இருக்குமா, வாசலில் நின்று "அப்போ போயிட்டு வரேங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மறுபடி பெஞ்சு, இன்னும் ஒரு மணி நேரம்.

அதோடு விட்டதா? தூங்குமூஞ்சி நல்லது பண்றேன் பேர்வழி என்று என் போட்டோவைப் பெரிதாக்கி, "இவர் நம் ஊழியர், இவரைக் கண்டு பயப்பட வேண்டாம்" என்று எழுதி எல்லா மாடியிலும் ஒட்டிவிட்டார். அதுவரைக்கும் என்னைக் கண்டு யாருமே பயந்ததில்லை மச்சான். இப்போ நான் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிப் படியில் போகிறார்கள். நேற்று முன்தினம் தெருவில் ஒரு அம்மா கையுறையைத் தவறவிட்டுட்டுப் போறாங்க, எடுத்துக் கொடுக்கலாம்னு பின்னாலேயே போனேன், அவங்க நடையைக் கூட்டினாங்க, நானும் கூட்டினேன், அவங்க ஓடினாங்க. அதுக்கு மேல துரத்தினா மறுபடி பெஞ்சுதான்னு நின்னுட்டேன். இன்னைக்கும் அந்த ஒத்தைக் கையுறை என் மேஜை மேல கிடக்கு. தூக்கிப் போடலாம்னா குப்பைத்தொட்டி கேமராவுக்குப் பயமா இருக்கு.

இப்படிப்பட்ட ஊரில் தங்கள் தங்கை வந்து என்ன செய்வாள்? அவள் அடுத்த வீட்டுக்காரியிடம் பத்து வார்த்தை பேசாமல் பல் துலக்க மாட்டாள். இங்கே பேசினால் எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன், அனுப்ப வேண்டாம். அவள் அங்கேயே நாலு பேர் நடுவில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள். அவளிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாழ்க்கைப்பட்டவன்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி வெச்சு எட்டு நாளாச்சு மச்சான். தபால்ல போட முடியலை, காய்ச்சல். நாலு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கலை. அவ போன் பண்ணினப்போ வேலையா இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டேன். ஆபீஸ்லேர்ந்து "தாங்கள் வராதது குறித்துக்கொள்ளப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, வேற ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. மூணாம் நாள் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். பூட்டை யாரோ நோண்டற மாதிரி இருந்துச்சு. திருடன்தான்னு நினைச்சேன். சத்தியமா சொல்றேன், சந்தோஷமா இருந்துச்சு. உள்ளே வந்தா ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுத் தரச் சொல்லலாம்னு தட்டுத்தடுமாறி எழுந்து உக்காந்தேன். அவன் பக்கத்து வீட்டுக்காரன், அவன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே போயிட்டான். எனக்கு அழுகை வந்துடுச்சு மச்சான். ஊர் ரொம்பப் பாதுகாப்பான ஊர். அவளை உடனே அனுப்பி வைங்க.