இசைத்தட்டும் எச்சில் தட்டும்

இந்தக் கை மைக் பிடித்த கை. இனி பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிடிக்காது.

சாப்பாடு முடிந்ததும் சிங்க் முன்னால் நின்று இப்படி ஒரு சபதம் எடுத்தேன். உடனே மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டுச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. கழுவினேன். கையைத் துடைத்துக்கொண்டேன். சொன்னேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாவிட்டால் உங்கள் அத்தையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் என் பெயர் சூறாவளி. பளபளக்கும் சட்டை, தோள் வரை முடி, பாப் பாட்டு. மேடை ஏறினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மைக் ஸ்டாண்டைத் தூக்கி டிரம்ஸ்காரர் மேல் எறிவேன். இரண்டு வரி பாடிவிட்டு, கூட்டம் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு முறை குடித்துவிட்டு வந்து, கச்சேரி முழுவதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினேன். 'புதிய பாணி' என்று பத்திரிகைகள் எழுதின. அது வாலிபம். சில வருஷம் கழித்து அதையே மறுபடி செய்தபோது 'போதை' என்று எழுதின. அது வயது.

மூன்று முறை ஓய்வு அறிவித்தேன். முதல் தடவை ஊரே அழுதது. மூன்றாவது தடவை ஒரே ஒரு பத்திரிகை, வானிலைச் செய்திக்குப் பக்கத்தில், 'சூறாவளி வலுவிழந்து கரையைக் கடந்தது' என்று போட்டது.

பிறகு குடியை விட்டேன். அதாவது, மனைவி விட வைத்தாள். முடியை விட்டேன். அதாவது, அது என்னை விட்டது.

என் மனைவி என் குழுவில் கோரஸ் பாடியவள். பின்வரிசையில் நின்று 'ஆ... ஆ...' என்று மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் 'ஆ' போடுவது என் வேலையாகிவிட்டது.

"இனிமே நான் பாத்திரம் தேய்க்க மாட்டேன்," என்றேன்.

"ஏன், கையில புண்ணா?"

"புண்ணு மனசுல. இசைத்தட்டு வெளியிட்டவன் எச்சில் தட்டு கழுவிட்டிருக்கேன்."

"ரெண்டும் வட்டம்தானே. இதையாவது தினமும் கேட்டு வாங்கிக்கிறாங்க."

"நான் மறுபடியும் ஆல்பம் போடப்போறேன்."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "போடுங்க," என்றாள்.

"சாதாரண ஆல்பம் இல்ல. நாப்பது வயலின் வெச்சு."

"பாடுறது யாரு?"

"நான்தான்."

"ஓ. வயலின் சத்தத்துல கேக்காதுங்கிற தைரியம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "பந்தயம் வெச்சுக்கலாமா? ஆல்பம் ஜெயிச்சா நான் இந்த சிங்க் பக்கமே வர மாட்டேன்."

"சரி. தோத்தா?"

"தோக்காது."

"தோத்தா, ஆயுசுக்கும் நீங்கதான் தேய்க்கணும். அதோட ஆல்பம், மேடை, மறுபிரவேசம்னு இந்த வீட்ல பேச்சே எடுக்கக்கூடாது. வெளியாகிற வரைக்கும் வழக்கம்போல நீங்க தேய்க்கிறீங்க. சம்மதமா?"

சம்மதம் என்று சிரித்தேன். என்னை இன்னும் ஞாபகம் வைத்திருந்த ஒரே கம்பெனி, இதுதான் கடைசி என்று மரியாதையாகச் சொல்லியிருந்தது. இதுவும் விழுந்தால் இந்த வீட்டில் பாடகன் என்று ஒருவன் இருக்கமாட்டான். பாத்திரம் தேய்க்கும் ஒருவர் இருப்பார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆனால் நான் விவரமானவன். தோல்விக்கு எப்போதும் ஒரே வாசல்தான், அது என் மனைவியின் வாய். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் நம்பிக்கை காற்றுப் போன டயராகிவிடும். அதனால் அவள் காதுக்கு எட்டாமல் ஆல்பத்தை முடிப்பது என்று திட்டம் போட்டேன். இதற்கு நான் தேர்ந்தெடுத்த ரகசிய ஆள் ஒலிப்பதிவு செய்யும் என் மச்சினன். அதாவது, அவளுடைய சொந்தத் தம்பி. என் விவரம் அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது.

அவன் ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே. கழுத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே பிறந்தவன் அவன். நான் கண்ணாடி அறைக்குள் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குரலை நடுங்கவிட்டு, கடைசி எழுத்தை உச்சத்துக்கு ஏற்றி அங்கேயே தொங்கவிடுவேன்.

"மாமா, கொஞ்சம் சாதாரணமா பாடுங்களேன்."

"சாதாரணமா பாட நான் என்ன சாதாரண ஆளா?"

"இல்ல மாமா. சும்மா, வீட்ல பாடுற மாதிரி."

"வீட்ல பாடுறதைக் கேக்க எவன்டா காசு குடுப்பான்?"

ஒரு நாள் நான் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க என் மனைவியே அங்கு வந்துவிட்டாள். தம்பியின் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். எடுத்தாள். "யாரைப் போட்டு அடிக்கிறாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் ஸ்டூடியோவுக்கு வரக் கூடாது என்று தடை விதித்தேன். அவளும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

இங்கே என் தொழிலில் உள்ள ஒரு கொள்கையைச் சொல்ல வேண்டும். பாடி முடித்த ஆல்பத்தை வெளியீட்டு விழா வரை நான் கேட்கவே மாட்டேன். முன்பு ஒரு ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, திருத்தியதைக் கேட்டு மறுபடி திருத்தி, வெளியே வந்தபோது அதற்கு ஆட வேண்டிய இளைஞர்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அன்றிலிருந்து விரதம். ரசிகர்களோடு ரசிகனாக உட்கார்ந்து முதல் தடவை கேட்பேன். இந்தக் கொள்கை எனக்கு ரொம்பப் பெருமை. என் மனைவிக்கு இது ரொம்ப வசதி.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வீட்டுக்கு வந்து, சிங்குக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை மாட்டினான். ஓரத்தில் சிவப்பு விளக்கு.

"இது என்ன மச்சான்?"

"கேஸ் லீக் ஆனா கத்தும் மாமா."

"அடுப்பு அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

"கேஸ் நடந்து வரும் மாமா."

விஞ்ஞானத்தில் நான் தலையிடுவதில்லை. விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் ஒரு மாற்றம். நான் பாத்திரம் தேய்க்கப் போனால் மனைவி டிவியை அணைத்துவிடுவாள். போனை வேறு அறைக்கு எடுத்துப் போவாள். மறுபிரவேசம் செய்யப்போகும் கலைஞனுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு அந்த மூணாவது பாட்டைப் பாடலியா?" என்பாள் அறைக்குள்ளிருந்து.

"பாடல. சும்மா முணுமுணுக்கறேன்."

"முணுமுணுங்க. டம்ளரை மட்டும் மெதுவா வைங்க."

இன்னொன்றும் நடந்தது. எங்கள் சமையலறைக்கு நேர் எதிரே ஒரு பல் டாக்டரம்மா வீடு. நான் கூடத்தில் நின்று முழுத் தொண்டையில் பயிற்சி செய்தால் பட்டென்று ஜன்னலைச் சாத்துவார். நான் பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னலைத் திறந்து, நாற்காலியும் போட்டுக்கொள்வார். பாவம், காற்று வாங்குகிறார் என்று நினைத்தேன்.

வெளியீட்டு விழா வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் ரசிகர்கள், மீதிப் பேர் நான் யார் மேலாவது எதையாவது எறிவேன் என்று பார்க்க வந்தவர்கள். பழைய பளபளச் சட்டையைப் போட்டிருந்தேன். பொத்தான் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம், நடுவில் நான். முன்வரிசையில் கத்தரி உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் நறுக்குவதால் அந்த விமர்சகருக்கு அப்படிப் பெயர். 'இதில் மிகச் சிறந்தவை பாட்டுகளுக்கு நடுவே வரும் மௌனங்கள்' என்று என் கடைசி ஆல்பத்தைப் பற்றி எழுதிய மகான்.

விளக்கு அணைந்தது. நாற்பது வயலினுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. ஒரு தட்டு இன்னொரு தட்டின் மேல் உட்கார்ந்தது. அப்புறம் ஒரு குரல் பாட ஆரம்பித்தது. கத்தவில்லை, நடுங்கவில்லை. கொஞ்சம் வயதான குரல். நடுவில் லேசாக ஒரு விரிசல், அதை மறைக்கவும் இல்லை. துணைக்கு ஒரே ஒரு கிட்டார்.

வேறு யாருடைய ஆல்பத்தையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த மனைவியிடம் குனிந்தேன். "யாரு இவன்? நல்லா பாடுறானே."

"பேசாம கேளுங்க."

இரண்டாவது சரணத்தில் அந்த ஆள் பாட்டை நிறுத்தி, "கரண்டியை யாரு இங்க போட்டது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அரங்கம் சிரித்தது. பிறகு முன்னைவிட அமைதியானது.

அந்தக் கரண்டியை எனக்குத் தெரியும்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல. நீங்க பாடினதைத்தான் போட்டிருக்கு."

"என் வயலின் எல்லாம்?"

"டயர் கடைக்கு மேல பத்திரமா இருக்கு."

"இது துரோகம்."

"இத்தனை வருஷம் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு கேட்டவ நான்," என்றாள் மெதுவாக. "யாரும் கேக்கலன்னு நினைக்கறப்போதான் நீங்க நல்லா பாடுவீங்க. அது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

கோபம் இருந்தது. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. பளபளச் சட்டைக்கும் உச்சஸ்தாயிக்கும் பின்னால் இத்தனை காலமும் நான் ஒளித்து வைத்திருந்தது அதைத்தான் என்று புரிந்தபோது கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டுப் பாட்டும் முடியும்வரை விடவில்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என்னை மேடையேற்றினார்கள். கத்தரி எழுந்தார்.

"தண்ணியும் பாத்திரமும் தாளமா வருதே. இது தற்செயலா அமைஞ்சதா?"

உண்மையைச் சொல்ல அருமையான சந்தர்ப்பம். ஆனால் மேடை, மைக், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"தற்செயலா? பல வருஷ ஆராய்ச்சி சார். எந்தத் தட்டு எந்தச் சுருதின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"அடுத்ததும் இதே பாணிதானா?"

"இனி என் பாணியே இதுதான். அடுத்தது டபுள் ஆல்பம்."

கூட்டத்தில் முதலில் கை தட்டியது என் மனைவி.

மறுநாள் கத்தரி, 'சூறாவளி ஓய்ந்தது, பாட்டு பிறந்தது' என்று எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்கள் போன் செய்து டபுள் ஆல்பம் எப்போது என்று கேட்டார்கள். பல் டாக்டரம்மா தெருவில் நிறுத்தி, "உங்க கரண்டிப் பாட்டைப் போட்டுட்டுத்தான் பல்லைப் பிடுங்கறேன். வலியே தெரியலைங்கறாங்க," என்றார். என் கலைவாழ்வில் என்னால் வலி குறைந்தது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வீட்டில் விருந்து. ஸ்டூடியோ ஆட்கள், டாக்டரம்மா குடும்பம், தன் பக்கத்துச் சொந்தம் எல்லாரையும் மனைவியே கூப்பிட்டிருந்தாள். எல்லாரும் போனதும், என் தட்டை அப்படியே விட்டுவிட்டு ராஜா மாதிரி எழுந்தேன்.

"பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள். "நான் வார்த்தை மாற மாட்டேன். நீங்க சிங்க் பக்கம் வரவே வேண்டாம்."

கூடத்தில் சாய்ந்து, ஸ்டூல் மேல் காலை நீட்டினேன். வெற்றி என்றால் என்ன என்று கால் விரல்களுக்குக்கூடத் தெரிந்தது. அப்போது சமையலறையிலிருந்து பேச்சு வந்தது. மச்சினன் இன்னும் போகவில்லை.

"அக்கா, மாமா வரலியா? பெரிய மைக்கா ரெண்டு மாட்டியிருக்கேன்."

"அவர் இனிமே தேய்க்க மாட்டார்டா. பந்தயம்."

"அப்போ டபுள் ஆல்பம்?"

"அதுக்கென்ன. ஸ்டூடியோவுல நின்னு ஒரு கண்ணை மூடிட்டுப் பாடுவார். அந்த நாப்பது வயலினும் சும்மாதானே கிடக்கு."

"கத்தரி நறுக்கிடுவாரேக்கா."

"நறுக்கட்டும். வானிலைப் பக்கத்துல இடம் இருக்கும்."

வேண்டுமென்றே உரக்கப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? ஸ்டூலிலிருந்து ஒரு கால் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் இறங்கியது.

சமையலறை வாசலில் போய் நின்றேன். சிங்க் நிரம்பி, மேடை நிரம்பி, தரையில் அண்டா வரை பாத்திரம் வரிசை கட்டியிருந்தது. எதிர் ஜன்னல் திறந்திருந்தது. டாக்டரம்மா நாற்காலியில் தயாராக இருந்தார்.

"என்ன இது, இவ்வளவு?"

"டபுள் ஆல்பமாச்சே," என்றாள். "ஆனா நான் கூப்பிடலை. நீங்களா வந்தீங்க. தம்பி, நீ சாட்சி."

சிவப்பு விளக்கு எரிந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, ரப்பர் கையுறையாவது கொடு என்று கேட்டேன்.

சத்தம் கெட்டுவிடும் என்று தரவில்லை.