ஒற்று மிகும் இடம்

"இன்று நீங்கள் வேலைச் செய்த நேரம்: பதினொரு நிமிடம்."

திரையின் மூலையில் சிவப்பாக எரிந்த அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பதினொரு நிமிடம் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். 'வேலைச் செய்த' என்பதில் வேண்டாத ஒரு 'ச்' உட்கார்ந்திருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாடநூல் பதிப்பகம் ஒன்றில் பத்தொன்பது வருடங்களாகப் பிழை திருத்துகிறாள். எங்கே ஒற்றெழுத்து விட்டுப்போனாலும், எங்கே தேவையில்லாமல் நுழைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஒற்றக்கா' என்றே பெயர். வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இந்த மாதம்தான் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு கண்காணிப்புக் கருவியை ஏற்றியிருந்தார்கள்.

உடனே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். பிழைதிருத்தும் பிரிவில் இருப்பது இரண்டே பேர். ஒன்று அவள், இன்னொன்று அவளை மேற்பார்வை செய்யும் அவர்.

"சார், இன்னிக்கு அம்பத்திரண்டு பக்கம் முடிச்சிருக்கேன். 'தவளை மூட்டையிடும்'னு இருந்துச்சு, அதை முட்டையாக்கினேன். பதினொரு நிமிஷம்னு காட்டுது?"

"மேடம், அது கை அசையறதைத்தான் கணக்குல எடுக்கும்."

"நான் படிக்கிறவ சார். கண்ணால வேலை செய்யறேன்."

"கண்ணுக்கு அதுல வசதி இல்ல மேடம். அதை வெச்சு அது போடற மார்க் மூணு வாரம் நாப்பதுக்குக் கீழ போனா, மேலிடம் உங்களை வேலைய விட்டு எடுத்துடும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

மறுநாள் இடது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே படித்தாள். மதிப்பெண் முப்பத்தைந்துக்கு ஏறியது. ஆனால் அச்சுக்கு அனுப்பும்முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தபோது அவளுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. 'தினமும் கல் துலக்க வேண்டும்' என்ற வரியை டிக் அடித்துத் தள்ளியிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

"ஒரு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் கல்லைத் தேச்சிட்டு நின்னிருக்கும்!" என்று கணவரிடம் பொருமினாள்.

அவர் பஸ் ஓட்டுநர். காலை ஷிப்ட் முடித்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சிக்னல்ல நின்னாலும் இன்ஜின் ஓடிட்டுதானே இருக்கு? நிம்மதியாப் படி. ஒரு பக்கம் முடிஞ்சதும் எதையாவது படபடன்னு தட்டி வை."

"எதைத் தட்ட?"

"என்னைத் திட்டறதை எல்லாம் அங்க திட்டேன்."

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வெறும் கோப்பு ஒன்றைத் திறந்தாள். 'ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள் ஒற்றன் மிகுவதற்கு எந்த இலக்கணமும் இல்லை' என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு பத்தி. கருவியை விட்டால் மேற்பார்வையாளர், அவரை விட்டால் மேலிடம். 'எங்கள் பிரிவில் ஒருவர் வேலை செய்கிறார். இன்னொருவர், அவர் செய்கிறாரா என்று பார்க்கிறார். அந்த இன்னொருவரைப் பார்க்க யாருமில்லாததால் அவர் மழையில்லாத ஊரில் விரித்த குடைபோல நிற்கிறார்.'

வாரக் கடைசியில் மதிப்பெண் தொண்ணூற்றேழு. திரையில் பொய்ப் பூக்கள் கொட்டின. 'நிறுவனத்திலேயே முதலிடம்!'

மூன்று வாரம் பூ கொட்டியது. நான்காம் வாரம் திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அழைத்தார்.

"மேடம்... நான் குடையா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதை எங்க பார்த்தீங்க?"

"முதலிடம் வாங்கறவங்க கோப்பை அந்தக் கருவியே எடுத்து, 'முன்மாதிரி'ன்னு எல்லாரும் பார்க்கிற இடத்துல போட்டுடுதாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நிர்வாக இயக்குநர் மேடத்துக்குப் புகார் அனுப்பிட்டேன். பதினொரு மணிக்கு வீடியோவுல வந்துடுங்க."

"மன்னிப்புக் கேட்டுடேன், நாலு வார்த்தைதானே?" என்றார் கணவர்.

"தப்பில்லாததுக்கு நான் திருத்தம் போடறதில்ல," என்று சொல்லிவிட்டு அவள் தலைவாரிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் மேற்பார்வையாளர், கண்கள் சிவந்து. ஒன்றில் நிர்வாக இயக்குநர். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம். ஒவ்வொரு எழுத்தும் என்னுது. அதுல பிழை இருந்தா காட்டுங்க, திருத்திடறேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். பத்தொன்பது வருஷம் படிச்சுக் குடுத்தவளை, விரலை ஆட்டிக் காட்டச் சொன்னா எழுதத்தான் செய்வேன்."

"இனிமேலும் எழுதுவீங்களா?"

"அந்த ஒற்றன் என் கம்ப்யூட்டர்ல இருக்கிற வரைக்கும்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எதுக்கு எழுதறேன்? என் வேலையைப் பார்ப்பேன்."

நிர்வாக இயக்குநர் நீண்ட பெருமூச்சு விட்டார். "சரி. எடுக்கச் சொல்றேன்."

மேற்பார்வையாளர் கட்டம் பட்டென்று இருண்டது.

அரை மணி நேரத்தில் கணினிப் பிரிவுப் பெண் போனில் வந்தாள். அவள் அங்கிருந்தே இயக்க, இங்கே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"அக்கா, எடுத்துடட்டுமா?"

ஒற்றக்கா மவுஸை இறுகப் பிடித்து அம்புக்குறியை நிறுத்தினாள். "பொறும்மா. எனக்கு மட்டும் எடுத்தா போதாது. ஆபீஸ்ல ஒவ்வொருத்தருக்கும் எடுக்கணும். இல்லேன்னா இப்பவே அடுத்த பத்தியை ஆரம்பிப்பேன்னு உங்க மேடத்துக்கிட்ட போய்ச் சொல்லு!"

எதிர்முனையில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நீங்க எழுதின முதல் பக்கத்தைப் படிச்ச அன்னிக்கே எல்லாருக்கும் எடுக்கச் சொல்லிட்டாங்க, 'அந்த அம்மாவுக்கு மட்டும் விட்டு வை, எடுத்துட்டா எழுதறதை நிறுத்திடுவாங்க'ன்னு மேடம்தான் சொன்னாங்க."