பஸ்ஸில் பின் சீற்றில் இருந்த மாப்பிள்ளை

கொட்டாஞ்சேனை,
14.08.1996

மன்னாரில் இருக்கும் பெருமதிப்புக்குரிய மைத்துனர் யேசுரட்ணம் அவர்களுக்கு,

ஆண்டவர் துணையால் நாமிருவரும் சுகம். தங்கள் வீட்டாரும், பாதை திறந்து இதைக் கொண்டுவரும் தபாற்காரரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் தங்கை றெஜினா நடிப்பதை நிறுத்தவேண்டும் என்று தாங்கள் ஒரு வரி எழுதவேண்டும். மானம் போய்விட்டது மச்சான். கோயில் பாஸ்கா நாடகத்தில் சம்மனசாகச் சிறகு கட்டி வானதூதராய் நின்று பாடியவளைத்தான் எனக்குக் கட்டித் தந்தீர்கள். அந்தச் சம்மனசு பிறகு இசை நாடகங்களில் ராணியாகி, போன வருஷம் சிங்களப் படமொன்றில் மழையில் நனைந்துகொண்டும் பாடிவிட்டது. ஒருகொடவத்தைக் கிடங்கில் கிளாக்கராயிருக்கும் நான் வெறும் "றெஜினாவின்ர மிஸ்டர்" ஆனேன். அந்த வெட்கத்தில் பஸ்ஸில் அவள் முன்னுக்கும் நான் பின்னுக்குமாகத்தான் போவது. எங்கள் பஸ் கொண்டக்டர் அவள் எனக்கு என்ன முறை என்று கேட்டபோது, யாரோ எவரோ என்றும் சொல்லிவைத்தேன்.

போன செவ்வாய், அவளுடைய ஒத்திகைக்காக வெள்ளவத்தைக்குப் போகையில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். காற்சட்டை மாற்றிய அவசரத்தில் என் அடையாள அட்டை வீட்டில். ட்ரக்கில் ஏறச் சொல்லிவிட்டான் ஆமிக்காரன். றெஜினா ஓடிவந்து, "இவர் என்ர மனுசன்" என்று சிங்களத்தில் கத்துகிறாள். கொண்டக்டர் குறுக்கே விழுந்து, "பொய் சேர்! இந்த நோனாவைத் தெரியவே தெரியாதெண்டு இவரே சொன்னவர்" என்கிறான். உண்மை பேசுகிற கொண்டக்டரை அன்றைக்குத்தான் கண்டேன்.

பெரிய அதிகாரி றெஜினாவை அடையாளம் கண்டு சிரித்தார். "நோனாவின்ர மனுசனெண்டால் அந்த மழைப் பாட்டைப் பாடு பாப்பம்."

பாடினேன் மச்சான். ஒரு சொல் பிசகாமல், படத்தில் அவள் தன் இடுப்பில் கைவைக்கிற இடத்தில் நானும் என் இடுப்பில் கைவைத்து. கொலன்னாவைத் தியேட்டரில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்த படமல்லவா! சனம் கைதட்டியது. விட்டுவிட்டார்கள்.

றெஜினா மட்டும் கைதட்டவில்லை. "படம் பாக்கேல்ல எண்டனீங்கள்?" என்றாள். "நல்லா இருந்தது எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மடுமாதா உங்கள் எல்லாருக்கும் காவல் நிற்பாளாக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
சா. பற்றிக்

பி.கு.: நடிப்பை நிறுத்தச் சொல்லி எழுதவேண்டாம். நேற்று பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்துச் சீற் காலியாக இருந்தது. போய் இருக்கப் பார்த்தேன். கைப்பையை அதில் வைத்துவிட்டு, "இவரை எனக்குத் தெரியாது, மல்லி" என்று அந்தக் கொண்டக்டர் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பையை எடுத்து மடியில் வைக்கச் சொல்லித் தாங்கள்தான் ஒரு வரி எழுதவேண்டும்.