தெற்குத் தெருவில் துள்ளிய இதயங்கள்

பயந்து ஓடுவதற்கும் மகிழ்ந்து ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம், ஓடியவளுக்கே எப்படித் தெரியாமல் போகும்? எனக்குத் தெரியாமல் போனது. (இத்தனைக்கும் நான் எம்.எஸ்சி. புள்ளியியல்.)

பிள்ளை பிறந்தபின் ஏறிய எடையைக் குறைக்க, கோவில்பட்டியில் எங்கள் பகுதிப் பெண்கள் விடியுமுன் ஓடும் குழுவில் சேர்ந்தேன். எல்லோர் போனிலும் ஒரே ஆப், மணிக்கட்டில் அதோடு இணைந்த பட்டை. வேகம், இதயத் துடிப்பு எல்லாம் அதில் பதிவாகும். ஓடி முடித்ததும், 'இந்தத் தெரு எப்படி இருந்தது?' என்று கேட்கும். சிரித்த முகமோ அழுத முகமோ போடவேண்டும். யார் எதைப் போட்டாலும் ஊருக்கே தெரியும்.

தெற்குத் தெருவில் விளக்கு கிடையாது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் பருத்திக்காடு. மழை பெய்தால் கரிசல் மண் ஷூவில் அப்பி, கால் அம்மிக்கல்லாகக் கனக்கும். விழுந்து கையை உடைத்துக்கொண்டால் பிள்ளையை யார் தூக்குவது என்று நடுங்கிக்கொண்டேதான் அதைக் கடப்பேன்.

அப்போதுதான் கவுன்சிலர் அண்ணாச்சி, "ஒரு தெருவுக்குத்தான் லைட் வந்திருக்கு. ஓடுத பொம்பளையாளுக எங்கன பயப்படுதீங்கன்னு சொல்லுங்க, அங்கன போட்டுருவோம்" என்றார்.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் முடிந்தது. நான் (படித்தவள் அல்லவா) எல்லோரிடமும் அனுமதி வாங்கி, ஆப் தகவலை அலசினேன்.

தெற்குத் தெருவுக்கு அத்தனை பேரும் சிரித்த முகம்! வேகமும் துடிப்பும் அங்கேதான் அதிகம். அந்த முகங்களில் ஒன்று நான் போட்ட பொய். ஆனால் நான்தான் பல்லிக்கும் பயப்படுகிறவளாயிற்றே. மற்றவர்கள் உண்மையைத்தானே போட்டிருப்பார்கள்? அண்ணாச்சி கூட்டிய கூட்டத்தில் எழுந்து, "தெற்குத் தெருவில் நுழைந்ததும் பெண்களின் இதயம் ஆனந்தத்தில் துள்ளுகிறது" என்று வாசித்தேன். அழுத முகங்கள் கடைவீதிக்குத்தான் என்றேன்.

"சந்தோசமா ஓடுதவங்களுக்கு லைட்டு எதுக்கும்மா?" என்று அண்ணாச்சி, ஏற்கெனவே வெளிச்சத்தில் மிதந்த கடைவீதிக்கே விளக்கை ஒதுக்கிவிட்டார்.

வெளியே வந்ததும், என்னோடு ஓடும் செல்வி கையைப் பிடித்துத் திருகினாள்.

"ஏட்டி, எங்க அத்தை வீடு அங்கனதான இருக்கு! அழுத மூஞ்சி போட்டா, 'நம்ம தெரு அவளுக்கு ஆகலயாம்'னு நாத்தனா போய் வத்தி வைக்க மாட்டாளா? காட்டுப் பக்கம் பாம்பு கிடக்குமோன்னு பயம், வீட்டுப் பக்கம் டிராக் பேன்ட்டோட அத்தை பாத்துருவாவளோன்னு பயம். உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுதேன், அது ஒனக்கு ஆனந்தமா?"

"அப்ப மத்தவங்க?"

"முக்காவாசிப் பேருக்கு மாமியா வீடு அங்கனதான். கடைவீதியில யாருக்கும் மாமியா இல்ல, அதான் அங்க தைரியமா அழுத மூஞ்சி போட்டாளுக. ஆமா, நீ எதுக்குட்டி சிரிச்ச மூஞ்சி போட்ட?"

நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். (என் அத்தை வீடு தெருவில் நுழைந்ததும் மூன்றாவது.)

இப்போது மகன் ஊசிக்கு வீறிட்டு அழுதால்கூட என் வீட்டுக்காரர், "இதயம் துள்ளுது பாரு, சிரிச்ச மூஞ்சி போட்டுக்கோ" என்கிறார். தெற்குத் தெரு இன்னும் இருட்டுதான். இன்னொரு விளக்கு வருகிறதாம். அண்ணாச்சி மறுபடியும் தகவல் கேட்கிறார். இதற்கிடையில் அத்தையும் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டு, "நம்ம தெருன்னா ஒனக்கு அம்புட்டு இஷ்டமா! தெனமும் பாக்குதேன்" என்று பூரித்துப்போயிருக்கிறார்.

நாளை காலை நான் எந்த முகத்தைப் போட? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆப்பில் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அத்தை பார்ப்பார்.